மருந்துக்காரர் பெத்தணன்

சிவகாசிப் பக்கத்தில் மருந்து என்று சொன்னால் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்குத்தான் அங்கே மருந்து என்று பெயர். விஸ்வநத்தம் ஊர்ப் பெத்தணன் அந்த மருந்தைக் கலக்குகிறவர். மீசை அரும்பிய வயதில் பட்டாசுக் கம்பெனிக்குள் போனவர், தலை நரைத்த பிறகும் அதே வேலையில் இருந்தார். தெருவில் இன்னொரு பெத்தணன் இருந்ததால் இவருக்கு மருந்துக்காரர் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

கலவை அறை கம்பெனியின் கடைசி மூலையில், மற்ற அறைகளிலிருந்து விலகி, சீமைக்கருவேலங் காட்டை ஒட்டி இருந்தது. தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறைக்குள் ஆட்களைக் கூட்டக் கூடாது என்பது விதி. பெத்தணன் பெரும்பாலும் தனி ஆளாகவே நிற்பார். வெயில் ஏறிவிட்டால் மருந்தில் கை வைக்கக் கூடாது என்பதால் கருக்கலிலேயே வேலை தொடங்கிவிடும். சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல ஆட்டுவார். மற்றவர்கள் வேலைக்கு வந்து சேரும்போது அவருடைய வேலை பாதி முடிந்திருக்கும். கையும் முகமும் வெள்ளி பூசியதுபோல் மின்ன, தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார். இத்தனை வருஷம் தனியாக நின்றே பழகியதில் இரண்டாவது வார்த்தை அவருக்கு வராது.

வீட்டில் மட்டும் பேசுவார். அதற்கு ஆள் இருந்தவரைக்கும்.

மனைவி பொன்னுத்தங்கம் கோயம்புத்தூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மகள் யோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை தவழுகிற வரைக்கும் துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் பொன்னுத்தங்கம் பஸ் ஏறினாள். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூடமும் போகிறது. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளிப் போய், பிறகு திரும்பி வருகிற பேச்சே நின்றுவிட்டது. முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு. சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், பிள்ளை எப்படி இருக்கா, நல்லா இருக்கா. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நாலு வருஷத்தில் அவள் வந்து போனது பொங்கலுக்கு ஒரு முறை, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் பேத்திக்கு முடியிறக்க ஒரு முறை, அவ்வளவுதான்.

போன மார்கழியில் அவருடைய விரல்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை விறைத்திருக்கும். விரல் கணுக்கள் வீங்கி, மூடினால் மூடாது. முதலில் பனி என்று நினைத்தார். பனி போய் மாசி வந்தது, பங்குனி வெயில் வந்தது. விறைப்பு போகவில்லை. நேரம் ஏற ஏறக் கை இளகும்; மத்தியானம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அவருக்குக் கை வேண்டியது கருக்கலில்.

அதனால் இன்னும் முன்னதாக எழுந்தார். சட்டியில் வெந்நீர் வைத்து, பொறுக்கிற சூட்டில் இரண்டு கையையும் அதில் முக்கி உட்கார்ந்திருப்பார். விரல் கொஞ்சம் மடங்கத் தொடங்கியதும் கிளம்புவார். சட்டைப் பொத்தான்தான் பெரிய பாடு. கழற்றினால் மறுநாள் போட முடியவில்லை என்பதால், மேல் பொத்தான் இரண்டை மட்டும் கழற்றி, சட்டையைத் தலை வழியாகவே போட்டுக் கழற்றப் பழகிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகிற பரோட்டாக் கடையில், எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்க்க முடியாமல் திணறினார். பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றித் தரச் சொன்னார். பல்லில் வலி என்று கடைக்காரரிடம் காரணம் சொன்னார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார். அது கேட்கிற அன்று கேட்கும்.

கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பொன்னுத்தங்கத்திடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று போனை எடுப்பார். அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தமோ குக்கர் சத்தமோ கேட்கும். சரி, வேலையைப் பாரு என்று வைத்துவிடுவார்.

வைகாசியில் ஒரு நாள் அது நடந்தது. சல்லடையைத் தூக்கியவருக்கு வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேரவில்லை. சேர்ந்துவிட்டதாகத்தான் நினைத்தார். சல்லடை நழுவி விளிம்போடு கீழே விழுந்தது. விழுந்தது ரப்பர் விரிப்பின் மேல். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் சிமெண்டுத் தரை.

ஒன்றும் நடக்கவில்லை. புழுதி மாதிரி கொஞ்சம் மருந்து எழும்பி அடங்கியது. பெத்தணன் அசையாமல் நின்றார். காட்டுக்குள் ஒரு குயில் கூவிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சற்றுத் தள்ளியிருந்த பக்கத்து அறையில், காகிதக் குழாய்க்கு மருந்து செலுத்துகிற ஆர்த்தி, பலகையைத் துடைத்துக்கொண்டே யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் வந்தது. வழக்கத்தைவிட முன்னதாக வந்திருந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. அந்தச் சிரிப்புச் சத்தம்தான் அவரை வெளியே கொண்டுவந்தது. தொட்டியில் கையைக் கழுவினார். நேராகப் போர்மேன் முத்துக்கிருஷ்ணனிடம் போனார்.

முத்துக்கிருஷ்ணன் அவரைவிட இளையவர்; வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெத்தணனிடம் சல்லடை பிடிக்கக் கற்றவர். சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, எப்போதிருந்து இப்படி என்று மட்டும் கேட்டார். மார்கழியிலிருந்து என்றதும் அவர் முகம் செத்துப்போனது. திட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். தம்ளரைப் பெத்தணன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்கண்ணே. இனி நீங்க அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம்” என்றார்.

பெத்தணன் தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுக்கப் போனார். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. முத்துக்கிருஷ்ணன்தான் அவிழ்த்து எடுத்துக்கொண்டார்.

விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் மூட்டு வாதத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே இருந்த டாக்டர் ஜெயசுந்தர் ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்திப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று வாயால் கேட்காமல் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து இரண்டாம் முறை போனபோது உட்காரவைத்துச் சொன்னார். இது வயதாகித் தேய்வது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். காலை விறைப்பு அதனால்தான்.

“ஆட்டுக்கால் சாப்பிட்டிருக்கீங்களா? எலும்பு முனையில வெள்ளையா வழுவழுன்னு ஒண்ணு இருக்கும்ல?”

“ஆமாங்க. கடிச்சா நறுக்குனு இருக்கும்.”

“அதுதான் குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உரசாம அதுதான் காக்குது. உங்களுக்கு இந்த ரெண்டு விரல்லயும் அது அரிச்சுப் போச்சு. அது இனிமே வளராது. மத்த விரல்ல இன்னும் இருக்கு. அதைக் காப்பாத்தப் பாப்போம்.”

எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றியும் டாக்டரே சொன்னார். மலேரியாக் காய்ச்சலுக்கென்று வந்த மருந்து வகை. காய்ச்சலுக்காகத் தின்றவர்கள் சிலருக்கு மூட்டு வலியும் குறைந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த நோய்க்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வீக்கத்தையும் விறைப்பையும் அது தணிக்கும். குருத்தெலும்பைக் கரைக்கிற பொருள்களையும் அது தடுப்பதாக ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கூடம் வேறு, மனிதனுடைய விரல் வேறு. காக்கலாம். காக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. மாதக்கணக்கில் தின்றால்தான் பலன் தெரியும், அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. வலி போதவில்லை என்றால் வேறு மாத்திரையும் சேர்க்கலாம்.

பெத்தணனுக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது. பூராவும் சரியாகிவிடும் என்று ஆசை காட்டாமல் பேசினார். மருந்து விஷயத்தில் உறுதி சொல்கிறவர்களை எப்போதுமே அவர் நம்பியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் தின்கிறவர்களில் சிலருக்கு விழித்திரை கெடுவதுண்டு. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு முறை கண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாள் வரச் சொன்னார்கள்.

கண் பிரிவில் ஞானபூரணி என்ற நர்ஸ் அவருக்குச் சொட்டு மருந்து விட்டார். விடுவதற்கு முன்னால் கேட்டார்.

“கூட யார் வந்திருக்காங்க? இத ஊத்துனா கொஞ்ச நேரத்துக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆள் இல்லாமப் போகக் கூடாது.”

யாரும் வரவில்லை என்று சொன்னால் இன்னொரு நாள் வா என்பார்களோ என்று பெத்தணனுக்குப் பயம் வந்தது.

“வீட்ல வந்திருக்காக. டீ குடிக்கப் போயிருக்காக” என்றார்.

அப்படிச் சொன்ன பிறகு அவருக்கே அது உண்மை மாதிரி இருந்தது. பரிசோதனை முடிந்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அம்மா வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று ஞானபூரணி சொல்லிவிட்டுப் போனார். பெத்தணன் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். சேலை கட்டிய உருவங்கள் வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்தன. எல்லாம் கரைந்து போய், நிறம் மட்டும் தெரிந்தது. பச்சைச் சேலை ஒன்று நேராக அவரை நோக்கி வந்து, தாண்டிப் போயிற்று. அவர் யாருக்காகவோ காத்திருப்பதாக நினைத்துப் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். இரண்டாம் முறை அந்தப் பக்கம் வந்த ஞானபூரணி, இன்னுமா வரவில்லை என்று கேட்டதும், வெளியே நிற்பாள், நான் போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

வெளியே வெயில் கண்ணில் ஊசியாகக் குத்தியது. சுவரைத் தடவித் தடவி ரோட்டுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் எல்லாப் பஸ்ஸும் ஒன்றுபோல் நின்றன. பலகையில் எழுத்து இருப்பது தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சிவகாசி பஸ் எது என்று கேட்டார். அதுதான் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்றார் அவர். தெரியாது என்று சொல்லிவிட்டார் பெத்தணன். அதுதான் சுலபமாக இருந்தது. அந்த மனிதர் கையைக் காட்டினார். காட்டிய திசையும் தெரியவில்லை. கண்டக்டர் திருத்தங்கல், சிவகாசி என்று கூவுகிற வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு வந்து சேர்ந்த பிறகும், கண் தெளிந்த பிறகும், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கம்பெனியில் அவரைப் பேக்கிங் கொட்டகைக்கு மாற்றினார்கள். பெட்டிக்கு லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அடுக்குகிற வேலை. விரலுக்குச் சிரமம் இல்லாதது. கொட்டகை நிறையப் பெண்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சும் சிரிப்பும்தான். யார் வீட்டில் காதுகுத்து, எந்த மளிகைக் கடையில் புளி மலிவு, எவள் மாமியார் என்ன சொன்னாள் என்று ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெத்தணன் உட்கார்ந்திருந்தார். கருவேலங் காட்டோரம் ஒற்றையாக நின்றபோது தான் தனியாக இருப்பதாக அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. இங்கே நினைத்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஒரு சுருதி குறைவதும், எழுந்து போனதும் ஏறுவதும் காதில் விழுந்தது.

பிறகு ஒரு நாள் அவருடைய தம்ளர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இல்லாமல் சுவரோரம் தனியாக இருந்தது. மறுநாள் இடம் பெருக்கியவள் அவர் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனாள். காரணம் விளங்க அவருக்குச் சில நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை தீர்ந்து, அடுத்த முறை போவதற்குள் சிவகாசி மருந்துக் கடையில் ஒரு அட்டை வாங்கியிருந்தார். கடையில் நின்ற பெண்ணுடைய தங்கை இதே கொட்டகையில்தான் வேலை செய்தாள். மலேரியாவுக்குத் தின்கிற மாத்திரை என்று அக்காள் சொன்னது, மருந்துக்காரருக்கு மலேரியா என்று இங்கே வந்து சேர்ந்திருந்தது. கொசு கடித்துத்தான் அது பரவும் என்று ஒருத்தி சொன்னாளாம். இங்கே கொசுவுக்கா பஞ்சம் என்றாளாம் இன்னொருத்தி.

இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வாய் போதும். ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால், அட்டைக் கட்டுகள் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

அந்தப் பேச்சு கம்பெனியோடு நிற்கவில்லை. ஊருக்குள் வந்தது, ஊரிலிருந்த பொன்னுத்தங்கத்தின் தங்கை வழியாகக் கோயம்புத்தூருக்கும் போனது. அன்று போன் வழக்கமில்லாத நேரத்தில் வந்தது. உங்களுக்கு மலேரியாவாமே என்றாள் பொன்னுத்தங்கம். இல்லை, மலேரியா மாத்திரை தின்கிறேன், அவ்வளவுதான் என்றார் இவர். காய்ச்சல் இல்லாமல் மாத்திரை எதற்கு என்றாள். அதைப் போனில் விளக்க அவருக்கு வரவில்லை. மறுநாள் விடிந்து கதவைத் திறந்தபோது, கட்டைப் பையும் கையுமாக வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. பிறகு அவர் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மத்தியானம் துவைப்பதற்காகக் கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். எல்லாச் சட்டையிலும் மேல் பொத்தான் இரண்டு மட்டும் திறந்து, மற்றதெல்லாம் போட்டபடியே கிடந்தது. ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“எம்புட்டு நாளா இப்படி இருக்கீக?”

சொன்னார்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா வந்துருவ.”

“வந்தா என்ன?”

பெத்தணன் அவள் விரல் பொத்தானைக் கழற்றுவதைப் பார்த்தார். பிறகு, “வந்துட்டுத் திரும்பிப் போயிருவல்ல” என்றார்.

பொன்னுத்தங்கம் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றா போனேன் என்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. அவள் போனதில் யார் மேலும் தப்பு இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அவள் இருந்த நாட்களில் வீட்டில் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பொத்தான் மாட்டினாள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. ராத்திரி மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துக் கொடுத்தாள். பேத்தி ஹர்ஷினி தினமும் போனில் வந்து, அம்மாச்சி எப்ப வருவ என்று அழுதாள். யோகேஸ்வரி ஆபீசில் லீவு முடிகிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தங்கம் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை பெத்தணன் போனார்.

“நீங்களும் அங்கன வந்துருங்களேன்” என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு.

“அங்கன எனக்கு என்ன வேலை?”

“இங்கன உங்களுக்கு யாரு இருக்கா?”

இரண்டு கேள்வியும் அப்படியே நிற்க, டிரைவர் வண்டியை எடுத்தார்.

ஆர்த்தி பேக்கிங் கொட்டகைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆர்டர் குவிந்து சீசன் சூடுபிடித்திருந்ததால் சில நாட்களுக்கு அவளை இங்கே மாற்றியிருந்தார்கள். முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“சித்தப்பா, உங்களுக்கு மலேரியான்னு சொல்லுதாக. நெசமா?”

அவரிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். பெத்தணன் நிமிர்ந்து பார்த்தார். இல்லம்மா என்று ஆரம்பித்தவர், டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். ஆட்டுக்கால், குருத்தெலும்பு, அரித்துப் போன இரண்டு விரல், மிச்சம் இருக்கிற எட்டு விரல், கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றியது எல்லாம். சல்லடை விழுந்ததை மட்டும் சொல்ல முதலில் தயங்கினார். பிறகு அதையும் சொன்னார். அன்று நீ பக்கத்து அறையில் இருந்தாய் என்றார். இதற்குத்தான் கலவை அறையை விட்டு வந்தீர்களா என்று கேட்டாள் ஆர்த்தி. பிறகு அவர் தம்ளரை எடுத்துப் போய்ப் பொதுப் பானையில் முகந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்கச் சேதி மாறியிருந்தது. மறுநாள் ஒருத்தி தன் மாமியாருடைய முழங்காலுக்கும் இந்த மாத்திரை கேட்குமா என்று அவரிடம் விசாரித்தாள். அது வேறு, இது வேறு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆவணியில் விறைப்பு குறைய ஆரம்பித்தது. ஒரே நாளில் நடந்ததல்ல. ஒரு நாள் காலையில் வெந்நீர்ச் சட்டி வைக்க மறந்துவிட்டுக் கிளம்பியது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. ஐப்பசிக்கு முன்னால் டாக்டர் ஜெயசுந்தர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு விரலில் போனது போனபடி இருந்தது. மற்ற விரல்களில் புதிதாக அரிப்பு இல்லை.

“மாத்திரைதான் காப்பாத்துச்சா?” என்று கேட்டார் பெத்தணன்.

“அதாவும் இருக்கலாம். நீங்க முன்னாடியே வந்ததாலயும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல எங்கிட்ட வழி இல்ல. தொடர்ந்து தின்னுங்க” என்றார் டாக்டர்.

விஷயம் தெரிந்து முத்துக்கிருஷ்ணன் வந்தார். கலவைக்குப் போட்டிருந்த புது ஆளின் கை பதமாக இல்லை, கை சரியாகிவிட்டதென்றால் வந்துவிடுங்கள் என்றார். பெத்தணன் வலது கையை மூடித் திறந்து காட்டினார். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் லேசாகக் கோணியிருந்தாலும் சேர்ந்தன.

“கை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாளைக்கு நல்லா இல்லாமப் போனா, அன்னைக்கும் நான் உங்கிட்டச் சொல்லாமத்தான் உள்ள போவேன். என்னை எனக்குத் தெரியும்” என்றார்.

முத்துக்கிருஷ்ணன் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு பெத்தணன் கடைசி மூலைவரை நடந்து போய்க் கலவை அறையைத் தூரத்தில் நின்று பார்த்தார். உள்ளே புது ஆளின் முதுகு தெரிந்தது. கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். வேலையில் இருக்கிறவனைக் கூப்பிடக் கூடாது என்று திரும்பிவிட்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்தது. வருஷா வருஷம் அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பார். இந்த முறை மாத்திரையை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்.

மகள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. காலையில் அந்த வீடு சந்தை மாதிரி இருந்தது. டிபன் கட்டுவது, ஹர்ஷினிக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிப்பது. இந்தக் கலகலப்பில்தான் நாலு வருஷமாகப் பொன்னுத்தங்கம் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கதவு சாத்தியதும் வீடு பொட்டென்று அடங்கியது. பொன்னுத்தங்கம் பாத்திரம் கழுவினாள், துணி காயப்போட்டாள், டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். எதிர் வீட்டில் யார் என்று கேட்டார். பேர் தெரியாது, வடக்கத்தி ஆட்கள், கதவைத் திறக்க மாட்டார்கள் என்றாள். மத்தியானம் முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவளுடைய வழக்கம் என்று தெரிந்தது. அவர் வந்திருந்ததால் புதுக் குழம்பு வைத்திருந்தாள்.

“தினமும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“வேற எப்படி? சாயந்தரம் பிள்ளை வார வரைக்கும் வாயைத் திறக்க ஆள் கிடையாது” என்றாள் சாதாரணமாக.

பெத்தணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாலு வருஷமாக அவள் ஆட்களுக்கு நடுவில் இருக்கிறாள், தான் மட்டும்தான் தனி என்று அவர் மனதில் வைத்திருந்த கணக்கு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றச் சொன்னார்.

கம்பெனி திறக்கிற நேரத்தில் ஊருக்கு வந்துவிட்டார். அவள் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. ஹர்ஷினி இன்னும் சின்னப் பிள்ளை. பொன்னுத்தங்கம் வர இன்னும் சில வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். அவருக்கு மூன்றாம் மாடியில் இருக்க முடியாது. அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

மாறியது ஒன்றுதான். மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கிற நேரத்தில் இப்போது அவரே போன் பண்ணுகிறார். அந்த நேரத்தில் அங்கே வீட்டில் அவளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பொன்னுத்தங்கமும் தட்டைப் போட்டு உட்காருகிறாள். பேச விஷயம் இருந்தால் பேசுவார்கள். பல நாள் இருக்காது. இவர் பக்கம் பேக்கிங் பெண்கள் பேசுகிற இரைச்சல் அவளுக்குக் கேட்கும், அவள் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் இவருக்குக் கேட்கும். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைப்பதில்லை.